பத்துப் பேர் ஆடிய ஆட்டம்

அக்கா,

நேற்று சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே மாசியின் வாடை வந்துவிட்டது. இத்தனை வருடம் ஆரியசாலைச் சந்தையில் பருப்பு மண்டியில் மூட்டை தூக்கியவர், போன வாரம்தான் கருவாட்டு மண்டிக்கு மாறினார். உங்கள் தீவுகளில் சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்து மரக்கட்டை போல ஆக்குவார்களே, அந்த மாசி சாக்கு சாக்காக வந்து இறங்கும் இடம் அது. "சட்டைய வெளியிலேயே அவுத்துப் போடுங்கோ, வீடு மொத்தம் நாறுது" என்று அம்மா சத்தம் போட்டாள். சட்டையை வாளியில் போடப் போன நான் குழாயடியிலேயே நின்றுவிட்டேன். உங்கள் வாடகை வீட்டின் சமையலறை அந்தச் சட்டைக்குள் இருந்தது. மாசியை நுணுக்கி, தேங்காய்த் துருவலும் உள்ளியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசைந்து, ரொட்டியில் வைத்து என் முன்னால் நீட்டுகிற உங்கள் கையும் இருந்தது.

நீங்கள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்தக் கடற்கரையில் ஆட்டம் முடிந்ததும் ஒரு அம்மா உங்களிடம் பேசினாரே, அதை நான் உங்களுக்குச் சரியாக மொழிபெயர்க்கவில்லை. தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன். ராத்திரி முழுவதும் அதை நினைத்துப் படுத்திருந்துவிட்டு, இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அந்தக் கரைக்கே போய் வந்தேன். போய் வந்த கையோடு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு நோயாளிகளுக்கான மேசையில் எனக்கு வேலை கிடைத்தபோது அப்பா மண்டியில் எல்லோரிடமும் "மோள் ஆபீசர்" என்று சொல்லிவிட்டார். உண்மையில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவதும், டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் நோயாளி சொல்வதை டாக்டருக்கும் சொல்வதும்தான் வேலை. சொந்தமாக நாலு வார்த்தை பேசவே கூச்சப்படுகிறவள் நான். அடுத்தவர் வார்த்தையைப் பேசும்போது மட்டும் அந்தக் கூச்சம் வருவதில்லை. ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. டாக்டர் சொல்வதில் கடினமானதைக் கொஞ்சம் தட்டி மென்மையாக்கித்தான் கொடுப்பேன். 'ஆபத்து' என்பார். நான் 'கவனமாக இருக்க வேண்டும்' என்பேன். அதை இரக்கம் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் வயிற்றுக் கட்டிக்கான அறுவைக்கு நாள் குறித்த அன்று, பதற்றமே இல்லாமல் ஒன்று கேட்டீர்கள். உங்கள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் சேர்ந்து ஒரு முழு ஆங்கிலம் ஆகாது. ஆனாலும் நமக்குள் புரியாமல் போனதில்லை.

"இங்கே ஞாயிற்றுக்கிழமை எங்கே பந்து விளையாடுவார்கள்?"

"ஸ்டேடியத்திலா அக்கா?"

"ஸ்டேடியம் வேண்டாம். மணலில். வெறுங்காலில். மூன்று மாதமாக ஆஸ்பத்திரியும் வீடும்தான் பார்க்கிறேன். ஒரு விசில் சத்தம் கேட்க வேண்டும், கொக்கோ."

உங்கள் மொழியில் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். முதல் தடவை கேட்டபோது, நான் ஒல்லியாக இருப்பதால் கொக்கு என்கிறீர்களோ என்று நினைத்தேன். அதைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

எனக்குக் காரணம் தெரியும். உங்கள் தம்பி தீவு அணியின் ஆட்டக்காரர். இடதுகால்காரர். நான்கு வருடத்துக்கு முன் சூரைக்குப் போன தோணி திரும்பவில்லை. பலகையும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. உங்கள் அம்மா இன்னும் சாப்பாட்டில் அவருக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பதாக ஒருமுறை சொல்லியிருந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலை பார்க்கும் அக்காதான் அந்த ஊரைச் சொன்னார். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே, மீன்பிடிக் கரை. ஞாயிறு நாலு மணிக்கு ஆட்டம். எனக்கு அதுவரை எந்த மைதானத்துக்கும் போய்ப் பழக்கமில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே கால் பின்னிக்கொள்ளும். ஆனாலும் உங்களோடு வந்தேன். கர்க்கடக மாத மழை காலையிலிருந்து பெய்துவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். விழிஞ்ஞத்தைத் தாண்டும்போது புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றன. அதன் பிறகு ஆட்டோ. ஆட்டோக்காரர் கண்ணாடியில் உங்களைப் பார்த்துவிட்டு, "மாலியா?" என்றார். இந்த ஊரில் உங்கள் தீவுக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர்.

மைதானம் என்பது கடற்கரையே. மூன்று பக்கம் சுண்ணாம்புக் கோடு. நாலாவது பக்கம் கோடு கிடையாது, அலைதான் எல்லை. நாம் இருவரும் ஓரமாக ஒதுங்கி நிற்க இடம் தேடுவதற்குள் ஒலிபெருக்கி நம்மைப் பிடித்துவிட்டது.

"ப்ரியப்பெட்ட நாட்டுகாரே! இன்னு நம்முடெ களி காணான் அங்கு மாலியில்நின்னு ஒரு சேச்சி எத்தியிட்டுண்டு! கூடெ ஒரு தமிழத்திக் குட்டியும்! எடா, ரெண்டு கசேர கொடுக்கெடா!"

ஊரே திரும்பிப் பார்த்தது. மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது எனக்கு. நீங்கள் கையைத் தூக்கி ஆட்டினீர்கள். இரண்டு நாற்காலிகள் தலைக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி வந்தன. பின்னால் இருந்த ஒரு பெண் என்னிடம் குனிந்து, "மாலிக்காரி வந்தா சரி, நீ பாண்டிக்காரி எதுக்கு? பந்து உருண்டையா சதுரமான்னு தெரியுமா?" என்றாள். சுற்றிலும் சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறந்தது முதல் இந்த நகரத்தில்தான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

விசில் ஊதியதும் நீங்கள் முதலில் எண்ணினீர்கள்.

"கொக்கோ, நீல அணியில் பத்துப் பேர்தான் இருக்கிறார்கள்."

நானும் எண்ணினேன். கோல் காக்கும் கோலியோடு சேர்த்துப் பத்து. இன்னொரு நீலச் சட்டை, பதினொன்று என்று போட்டது, கோல் கம்பத்தில் கட்டித் தொங்கியது. யாராவது தாமதமாக வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கடல் பக்கமாக இருந்த அந்தக் காலி இடத்தை யாரும் நிரப்பவில்லை. அதைவிட, மஞ்சள் அணியில் அந்தப் பக்கம் காவல் நிற்க வேண்டியவன் காவல் நின்றுகொண்டேதான் இருந்தான். இரண்டு கையையும் விரித்து, முழங்காலை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி யாருடைய காலையோ பார்த்தபடி, பின்னால் பின்னால் நகர்ந்தான். அவனுக்கு எதிரே ஈர மணல்தான் இருந்தது.

"அவன் யாரைத் தடுக்கிறான்?" என்று கேட்டீர்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நீலச் சட்டைக்காரர் பந்தை அந்தக் காலி இடத்துக்கு அடித்தார். தவறி அடிக்கவில்லை, தலை நிமிர்ந்து பார்த்து அளந்துதான் அடித்தார். உடனே எல்லோரும் நின்றுவிட்டார்கள். அதுவரை கத்திக்கொண்டிருந்த ஒலிபெருக்கி குரலைத் தாழ்த்தி, "பந்து ஜோபியுடெ காலில்" என்றது. பிறகு அதுவும் பேசவில்லை. அத்தனை கூட்டத்தில் ஒரு இருமல் இல்லை. பந்து தன்பாட்டில் உருண்டு, மெதுவாகி, மணலில் நின்றது. நின்ற பிறகும் யாரும் அசையவில்லை. ஒரு ஆள் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கும் நேரம் அளவுக்குக் காத்திருந்தார்கள். அப்புறம் மஞ்சள் அணிக்காரன் போய் அதை மெல்லத் தட்டி எடுத்தான். எடுக்கும்போது தோளை ஒருபக்கமாகச் சாய்த்தான், யார் மேலும் இடித்துவிடாமல் இருக்க வேண்டும் என்பது போல. அடுத்த நொடி சத்தம் பழையபடி கிளம்பியது.

என் மணிக்கட்டில் உங்கள் விரல்கள் இருந்தன.

இடைவேளையில் உங்களுக்குக் கட்டன் சாயா வாங்கப் போனேன். கடைக்காரர் நான் கேட்காமலே சொன்னார். "அது ஜோபிடெ எடம் மோளே. போன கர்க்கடகத்துல வள்ளம் மறிஞ்சு போனவன். நாலு பேர்ல மூணு பேர் கெடச்சாங்க, இவன் கெடச்சில்ல. மெய் கெடைக்காதவனுக்கு ஒரு களி உண்டு. ஒரே ஒரு ஆட்டம். வந்து ஆடிட்டுப் போகட்டு. கரையச் சுத்திக்கிட்டே நிக்கப்படாதுல்லா?"

"அந்தச் சட்டை?"

"களி முடிஞ்சா அது கரைய விட்டுப் போகணும். பெத்தவளத் தவிர கரைக்காரன் எவனும் கையால தொடமாட்டான். வெளியூர்க்காரங்க ஆராவது கொண்டு போகணும். சட்டை போற வழிக்கு அவனும் போவான்."

"கொண்டு போறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?"

அவர் சாயாவைத் தூக்கி ஆற்றிக்கொண்டே, "முன்னால ஒரு மட்டம் ஐஸ் லாரிக்காரன் கொண்டு போனான். அதுக்குப் பொறவு அவனை ஆரும் கண்டதில்ல" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். "சும்மா சொன்னேன் மோளே! அவன் ஆலப்புழையில கல்யாணம் கழிச்சு சொகமா இருக்கான். பெண்டாட்டிக்குப் பயந்து இந்தப் பக்கம் வாறதில்ல, அவ்வளவுதான்."

சாயாவைக் கொண்டுவந்து கொடுத்தபோது, என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். "ஒரு ஆட்டக்காரர் வரவில்லையாம்" என்றேன். நீங்கள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வரவில்லையா" என்றீர்கள். கேள்வி போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

இரண்டாம் பாதியில் விழுந்த அந்த ஒரே கோலை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. விளக்கம் இருக்கிறது, எனக்குத்தான் அது போதவில்லை. பந்து மறுபடி அந்தக் காலி இடத்துக்குப் போனது. எல்லோரும் நின்றார்கள். இந்தத் தடவை அது நிற்காமல் தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு அலை வாங்கிக்கொண்டது. அடுத்த அலை அதைத் திருப்பித் தந்தது. நேராகத் தரவில்லை, சாய்வாக, கோலுக்கு முன்னால் போய் நிற்கும்படி. ஒரு நீலச் சட்டைக்காரர் ஓடிவந்து காலை வைத்தார். கோலி அசையவில்லை. ஒலிபெருக்கி "பாஸ் ஜோபியுடேது" என்று மட்டும் சொன்னது. யாரும் கைதட்டவில்லை. அங்கங்கே சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"இடது கால்" என்றீர்கள் நீங்கள், மிக மெதுவாக. "அந்த வளைவு இடது காலில் மட்டும்தான் வரும்."

ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது ஜோபியின் அம்மா கோல் கம்பத்திலிருந்து சட்டையை அவிழ்த்தார். நேராக நம்மிடம் வந்தார். ஒலிபெருக்கி நம்மை அறிவித்த நேரத்திலிருந்தே அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், அந்தத் தமிழில்தான் பேசினார். அவர் சொன்னது இதுதான் அக்கா. ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

"மாலியா மக்களே? கடல் ஒழுக்கு அந்தப் பக்கந்தான் என் மொவனை எடுத்துட்டுப் போச்சுன்னு வள்ளக்காரங்க சொன்னாங்க. நீ ஊருக்குப் போகும்போ இவனையும் கூட்டிட்டுப் போயிரு. இங்க நின்னு நின்னு அவனுக்குக் கால் வலிக்கும். வழியில உனக்கொரு தொல்லையும் தரமாட்டான். நீ தனியாப் போகாண்டாம், அவன் கூட இருப்பான். நீ போற எடம் வரைக்கும் இருப்பான்."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். ஒன்பதாவது நாள் உங்களுக்கு அறுவை. 'போற எடம்' என்ற சொல் என் தொண்டையில் நின்றது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இது பரிசு. விருந்தாளிக்கு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள். சட்டை ஈரமாக இருந்தது. பிறகு அவரிடம் உங்கள் மொழியில் ஏதோ நிறையப் பேசினீர்கள். கையால் ஒரு உயரம் காட்டினீர்கள். உங்கள் இடது காலைத் தட்டினீர்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுத் தன் தமிழில் பதில் சொன்னார், காற்றில் எனக்குக் காதில் விழவில்லை. நீங்களும் தலையாட்டினீர்கள். என்னைப் போன்ற ஒருத்தி அங்கே தேவையே இல்லை என்பது போல இருவரும் பேசி முடித்து, என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

அந்தச் சட்டை காயவில்லை அக்கா. உங்கள் வீட்டு பால்கனியில் ஒன்பது நாளும் தொங்கியது. உப்பேறின துணி மழைக்காலத்தில் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் வந்தபோது மேசையில் இரண்டு கிளாஸ் சாயா இருந்தது. எனக்கு என்று நினைத்து உட்கார்ந்தேன். நீங்கள் எழுந்து போய் மூன்றாவது கிளாஸ் கொண்டுவந்தீர்கள். இன்னொரு நாள், மூன்று மாடியையும் நின்று நின்று மூச்சு வாங்கி ஏறினீர்கள். "லிஃப்டில் போகலாமே அக்கா" என்றேன்.

"அவனுக்குப் பிடிக்கவில்லை."

"யாருக்கு?"

"சட்டைக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஐந்தாவது வாரம் உங்களை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்தேன். சட்டையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்திருந்தீர்கள். வாசலில் டிக்கெட் பார்த்த காவலர் "எத்தனை பேர்?" என்று கேட்டதற்கு இரண்டு விரலைக் காட்டினீர்கள். உடனே ஒன்றை மடக்கிக்கொண்டீர்கள். நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து உங்கள் அக்காவின் குரல் செய்தி போனில் வந்தது. கட்டி மறுபடி வந்துவிட்டது, விடியற்காலைத் தூக்கத்தில், வலி இல்லாமல் போய்விட்டீர்கள் என்றார். கடைசியில், சம்பந்தமில்லாமல் சொல்வது போல, "அந்த நீலச் சட்டை அன்று காலையில்தான் காய்ந்திருந்தது" என்றார்.

நான் படித்தவள். கட்டி எப்படிப் பரவும் என்று எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு சட்டையால் யாரும் சாவதில்லை. என்னை அரிப்பது அது இல்லை. அந்த அம்மா கேட்டதை முழுதாகச் சொல்லியிருந்தால், நீங்கள் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். அந்த 'வேண்டாம்' உங்களுடையது. அதை உங்கள் வாயிலிருந்து நான் எடுத்துவிட்டேன். இரக்கம் என்ற பெயரில் எடுத்தேன்.

இன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் வெளிச்சம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அரை வட்டமாக விரித்த வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு வரிசையாக இழுப்பார்களே, அதுதான். ஜோபியின் அம்மா மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"மாலிக்காரிகூட வந்த பிள்ளைதானே? அவ ஊருக்குப் போயிட்டாளா?"

"போனாங்கம்மா. போய், அங்கே இறந்துட்டாங்க."

அவர் கடலைப் பார்த்தார். "சட்டை காஞ்சுதா?" என்றார்.

நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "காஞ்சுதாம்" என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, "அப்போ என் மொவன் போற எடத்துல எறங்கிட்டான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் சொன்னேன். "அம்மா, நீங்க அன்னைக்குச் சொன்னதை நான் அவங்ககிட்ட சொல்லல. பரிசுன்னு சொல்லிட்டேன்."

"அது எனக்குத் தெரியுமே!" அவர் ஆச்சரியமே படவில்லை. "நான் அம்புட்டு நேரம் பேசினேன், நீ ரெண்டே வாக்குல முடிச்சுப்போட்டே. மீதிய எங்க முழுங்கினேன்னு உன் தொண்டையப் பாத்துக்கிட்டுல்லா நின்னேன். அவளும் பாத்தா. நீ பயந்துபோனதப் பாத்துத்தான் ரெண்டு பேரும் சிரிச்சோம்."

"அப்படின்னா அவங்களுக்கு…"

"ஈரச் சட்டைய நீட்டுற தாய் வேற என்னத்தச் சொல்லுவா? அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வாங்கினா. அவ என்ன கேட்டான்னு உனக்குத் தெரியுமா?"

"இல்லம்மா. அவங்க பாஷையில எனக்குக் கொஞ்சந்தான் தெரியும். உங்களுக்கும் தெரியாதே."

"இம்புட்டு ஒயரம், இடது காலுன்னு காட்டினா. என் தம்பி உங்க கரைப் பக்கம் ஒதுங்கியிருக்கானான்னு கேட்டா. கடலுக்கு ஆளைக் குடுத்தவ வேற எதக் கேப்பா? வந்தா நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். உன் மொவன நான் பாத்துக்கிடுதேன்னு அவளும் சொன்னா. அவ்வளவுதான் பேச்சு."

மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. "அப்போ அவங்க தம்பி இங்கே…?" என்று இழுத்தேன்.

"நான் கண்டேனா? ஆனா அன்னைக்குப் பொறவு மேக்க நிக்க கயிறு லேசா வருது. ஒரு ஆள் கூடுதலாப் பிடிக்க மாதிரி. இவனுவளக் கேளு."

மேற்குக் கயிற்றில் இருந்த ஒருவர் இழுத்துக்கொண்டே, "உள்ளதுதான். பங்கும் கேக்கமாட்டான், பீடியும் கேக்கமாட்டான், நல்ல ஆளு" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர ஒருவரும் வரிசையின் கடைசிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அக்கா செத்த சேதி அவனுக்கு ஆரு சொல்லுவா? அவ வந்து கூட்டிட்டுப் போவான்னுல்லா அவன் நிக்கான். என் தமிழு அவனுக்கு வெளங்குமா? வாக்கு மாத்திச் சொல்லுறது உன் வேலைதானே? போ. போயி கயித்தப் பிடி."

"நானா?"

"பின்னே நானா ஆஸ்பத்திரியில ஆபீசரு?"

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். "டிகிரிக்காரி கயிறு பிடிக்க வந்துட்டா, இன்னைக்குச் சுறா மாட்டும்" என்று யாரோ சொன்னார். வரிசையில் பத்துப் பேர். கடைசி ஆளுக்குப் பின்னால் எனக்கு இடம் விட்டார்கள். கயிற்றைச் சுருட்டி வைக்கிறவர் இன்று வரவில்லை. அதனால் இழுத்த கயிறு எனக்குப் பின்னால் மணலில் தொய்ந்து குவிய வேண்டும். "பின்னால பாக்காதே மோளே" என்று முன்னால் நின்றவர் திரும்பாமல் சொன்னார்.

ஏலோ போட்டு இழுத்தார்கள். நானும் இழுத்தேன். ஈரக் கயிறு என் கையைத் தாண்டிப் பின்னால் போனது. தொய்யவில்லை அக்கா. எனக்குப் பின்னால் கயிறு விறைப்பாக இருந்தது. ஒவ்வொரு ஏலோவுக்கும் சரியாக நேரம் பார்த்து, பின்னாலிருந்தும் ஒரு இழுப்பு வந்தது. என் கைக்கு வேலையே இல்லாதபடி அவ்வளவு லேசாக வந்தது.

உங்கள் மொழியில் எனக்குத் தெரிந்தது அறுபது சொல் இருக்கும். எல்லாம் ஆஸ்பத்திரிச் சொற்கள். வலி, தண்ணீர், மூச்சு, தூக்கம், காலை, வீடு, இல்லை. சாவு என்ற சொல் அதில் கிடையாது. நான் அதை யாருக்கும் சொன்னதே இல்லையே, எப்படிக் கற்றிருப்பேன்? இருக்கிறதைக் கோத்தேன். பின்னால் திரும்பாமல், ஆனால் சத்தமாக, பத்து ஆண்கள் கேட்க, வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் சொல்லாத வார்த்தையை நானே பேசினேன்.

"உன் அக்கா வந்தார். இங்கே. உன்னைக் கேட்டார். வீட்டுக்குப் போனார். காலை. தூக்கம். வலி இல்லை. மூச்சு இல்லை. அக்கா இல்லை."

'வலி இல்லை' என்பதை மட்டும் மென்மைக்காகச் சேர்த்தேனோ என்று ஒரு கணம் பயந்தேன். இல்லை, உங்கள் அக்கா அப்படித்தான் சொன்னார். அதனால் அப்படியே விட்டேன்.

அடுத்த ஏலோவுக்குப் பின்னாலிருந்து இழுப்பு வரவில்லை. கயிறு என் குதிகாலில் விழுந்து மணலில் தொய்ந்தது. அதே நொடியில் மொத்த வலையும், அதிலிருந்த மீனும், அத்தனை தண்ணீரும் எங்கள் கைக்கு வந்தது. வரிசையே ஒரு அடி முன்னால் சறுக்கியது.

"எந்தா மோளே, கை விட்டுட்டியா?" என்று கத்தினார் முன்னால் நின்றவர்.

"விடல்ல" என்றேன். குதிகாலை மணலில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வலை கரையேறும் வரை விடவில்லை. எவ்வளவு கனம் தெரியுமா, அக்கா. இதை எழுதும்போதும் தோளிலிருந்து விரல் வரை அப்படியே இருக்கிறது.